கப்பல் பட்டியலில் வடார்க்காடு

ஆர்.கே.பேட்டையில் 1900-ஆம் ஆண்டு பிறந்து, ஊரைவிட்டு எங்கும் போகாமல், நூறு வயது வாழ்ந்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். பிறந்தபோது அவர் வடார்க்காடு மாவட்டத்துக்காரர். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானதும் சித்தூர்க்காரர் ஆனார். 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது ஆந்திரவாசி. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் பரிந்துரையின்படி எல்லை திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அவரும் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர் ஆனார். 1997-இல் அந்த மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அவர் ஊர் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வந்தது. நான்கு மாவட்டம், இரண்டு மாநிலம். இதற்காக அவர் ஒரு மனுகூட எழுதியிருக்க மாட்டார்.

அவருக்கு மூத்த தலைமுறையில் இதே வடார்க்காட்டிலிருந்து சென்னைத் துறைமுகம் போய்க் கப்பலேறியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்கள் போய் இறங்கிய இடம் தென்னாப்பிரிக்காவின் நேட்டால். அங்கே அவர்களுக்கு நேர்ந்தது நேர்மாறு. வேலை செய்ய ஒரு சீட்டு, வேலை முடிந்தபின் தங்க ஒரு சீட்டு, பக்கத்து மாகாணத்துக்குப் போக ஒரு சீட்டு, ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர இன்னொன்று என்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் வாழ்க்கை காகிதத்தோடு கழிந்தது. அயல்நாட்டில் சட்டப்படி தங்குவதற்கு விண்ணப்பிப்பது என்றால் இன்று அமெரிக்கப் பச்சை அட்டையும் வளைகுடா நாட்டு இக்காமாவும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த விண்ணப்பத்தின் பழைய தமிழ் வரலாறு நேட்டாலில் இருக்கிறது. அதை நாம் போராட்ட வீரர்களின் கதையாக மட்டும் படித்துவிட்டோம். அவர்கள் எந்தச் சீட்டுக்காகப் போராடினார்கள் என்பதைச் சரியாகப் படிக்கவில்லை.

நேட்டாலுக்குச் சென்ற முதல் கப்பல் ‘ட்ரூரோ’. சென்னையிலிருந்து 342 பேரோடு புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. இடையில் 1866 முதல் 1874 வரை நின்றுபோன ஆள் அனுப்புதல் மீண்டும் தொடங்கி 1911 வரை நீடித்தது. மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களில் வடார்க்காட்டுக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள்.

ஏன் வடார்க்காடு? காவிரிக் கரை மாவட்டங்களிலிருந்து இலங்கைக்குப் போக இராமேசுவரம் பக்கத்து வழி இருந்தது. வடக்கே இருந்தவர்களுக்குச் சென்னையே வாசல். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856-இலேயே இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. திருத்தணி பக்கத்து மக்களுக்கு அரக்கோணம் நடந்து போகும் தூரம். நிலத்தில் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. திருத்தணிப் பகுதி கார்வேட்நகர் ஜமீனில் இருந்ததால் சாகுபடி செய்தவர்களுக்கு ஜமீன் வாரமும் ஒரு சுமை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியை நம்பிச் சென்னைக்கு நடந்தவர்களை ஆள்பிடிக்கும் தரகர்கள் வழியிலேயே கண்டுகொண்டார்கள். நெசவாளர்களுக்கும் கேடுகாலம்தான். வாங்க ஆள் இல்லாதபோது தறி எதற்கு?

கப்பலேறுவோரைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் மருத்துவச் சோதனையும் பதிவும் நடக்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் விழும். ‘காலனி எண்’ என்று அதைச் சொன்னார்கள். கப்பல் பட்டியலின் ஒரு வரி இப்படி நகரும்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம். இடது புருவத்துக்கு மேல் தழும்பு, வலது முழங்காலில் தீக்காயம் என்று கடைசிக் கட்டத்தில் எழுதப்பட்டது. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதம் நிறைந்தால்தான் கப்பல் புறப்படலாம் என்ற விதியால் பெண்களும் கணிசமாகப் பட்டியலில் உண்டு. எழுதியவர்களுக்குத் தமிழ் ஒலி பிடிபடவில்லை. முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். கவுண்டர் ‘கோவெண்டர்’ என்றும் முதலியார் ‘மூட்லி’ என்றும் காகிதத்தில் ஏறி, அவையே காலப்போக்கில் குடும்பப் பெயர்களாக நிலைத்தன. தன் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வாசித்துப் பார்க்கும் எழுத்தறிவு கப்பலேறியவரிடம் இல்லை. ஆனால் அதன்பின் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவர் அந்தப் பெயரும் அந்த எண்ணுமாகவே இருந்தார்.

தொடக்கத்தில் நேட்டால் அரசு அவர்களைத் தங்கச் சொல்லிக் கேட்டது என்பது இன்று வியப்பாக இருக்கும். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடித்து, மேலும் ஐந்தாண்டு தங்கியவருக்கு ஊர் திரும்ப இலவசப் பயணம் உண்டு. அது வேண்டாம் என்றால் அந்தச் செலவுக்கு ஈடாக அரசு நிலம் தரலாம் என்று 1870-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஒவ்வொரு முறையும் கப்பலில் புது ஆள் இறக்குவதைவிடப் பழகிய ஆள் பக்கத்திலேயே குடியிருப்பது மலிவு. வந்தவர்கள் காய்கறி பயிரிட்டார்கள், மீன் பிடித்தார்கள், கூடையில் பழம் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். டர்பன் நகரம் சாப்பிட்ட காய்கறியில் பெரும்பங்கு அவர்கள் விளைவித்தது. அதுவே வெள்ளையர்களின் கண்ணை உறுத்தியது. 1891-இல் நிலம் தரும் சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. 1893-இல் நேட்டாலுக்குத் தன்னாட்சி கிடைத்ததும் கதவு வேகமாக மூடத் தொடங்கியது.

1895-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டம்தான் இந்த வரலாற்றின் நடுப்புள்ளி. இனி வரும் ஒப்பந்தக் கூலிகளுக்கு, ஒப்பந்தம் முடிந்ததும் மூன்று வழிகள் மட்டும்: இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது ஆண்டுக்கு மூன்று பவுன் கட்டித் தங்குவதற்கு உரிமச் சீட்டு வாங்க வேண்டும். முதலில் நேட்டால் கேட்டது இருபத்தைந்து பவுன். இந்தியாவின் வைஸ்ராய் எல்ஜின் பிரபு மூன்று பவுனுக்கு ஒப்புக்கொண்டார். குறைத்துவிட்டோம் என்ற நிம்மதி அரசாங்கத்துக்கு இருந்திருக்கலாம். தோட்டத்தில் நின்றவரின் கணக்கு வேறு. முதல் ஆண்டில் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் ஆண்டில் பதினான்கு. மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். முதலாண்டுச் சம்பளத்தில் ஆறு மாதக் கூலி. 1903-இல் இது பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. பதினாறு வயது நிறைந்த மகனுக்கும் பதின்மூன்று வயது நிறைந்த மகளுக்கும் தனித்தனியாகச் சீட்டு. கணவன், மனைவி, வளர்ந்த இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பம் ஆண்டுக்குப் பன்னிரண்டு பவுன் கட்ட வேண்டும். கட்ட முடியாதவர்கள் மறுபடி ஒப்பந்தத்துக்குள் போனார்கள். சட்டத்தின் நோக்கமும் அதுவே.

உலகில் இன்று வசிப்பு அனுமதிக்குக் கட்டணம் வாங்காத நாடு அரிது. வளைகுடாவில் ஒருவரின் அனுமதி அவருடைய முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதையும், வேலை போனால் தங்கும் உரிமையும் போவதையும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் நன்றாக அறியும். உழைப்பு வேண்டும், உழைப்பவர் குடியிருக்க வேண்டாம் என்ற கொள்கைக்குச் சட்ட வடிவம் கொடுத்த பழைய எடுத்துக்காட்டுகளில் நேட்டாலின் மூன்று பவுன் சீட்டும் ஒன்று.

சொந்தச் செலவில் வருவோரைத் தடுக்க 1897-இல் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதில் இந்தியர் என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று மட்டும் அது சொன்னது. தமிழிலும் தெலுங்கிலும் கணக்குப் பேரேடே எழுதத் தெரிந்தவரும் இந்தச் சட்டத்தின் முன் எழுத்தறிவில்லாதவர் ஆனார். ஏற்கெனவே நேட்டாலில் வாழ்ந்தவர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது தடுக்கப்படாமல் இருக்க ‘டொமிசைல்’ சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். அதைத் தொலைத்தவர் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்க முடியாது.

பக்கத்துக் காலனியான டிரான்ஸ்வாலில் நடந்தது இன்னும் கடுமை. 1907-ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டப்படி ஆசிய ஆண்கள் ஒவ்வொருவரும் பதிவு செய்து, பத்து விரல் ரேகையும் வைத்துச் சான்றிதழ் பெற வேண்டும். எந்தப் போலீஸ்காரர் எங்கே கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டும். விரல் ரேகையை வகைப்படுத்தும் முறையை வங்காளத்தில் போலீஸ் தலைவராக இருந்தபோது உருவாக்கிய எட்வர்ட் ஹென்றி, 1900-இல் ஜோகன்னஸ்பர்க் போலீசை அமைக்க அனுப்பப்பட்டவர். இந்தியாவில் கற்ற முறை அங்கே இந்தியர்மீதே திரும்பியது. 1907 நவம்பர் முடிய பதிவு செய்தவர்கள் சுமார் 500 பேர். சட்டத்துக்கு உட்பட்ட இந்தியர்கள் ஏறத்தாழ 13,000. பதிவு அலுவலகங்களுக்கு வெளியே மறியல் நின்றவர்களின் தலைவர் தம்பி நாயுடு. மொரீசியசில் பிறந்து ஜோகன்னஸ்பர்க்கில் வண்டித்தொழில் செய்தவர். அந்நகரத் தமிழர் சங்கத்தை வழிநடத்தியவர்.

1908 ஜனவரியில், போராட்டத்தை வழிநடத்திய காந்தியும் டிரான்ஸ்வால் அரசின் அமைச்சர் ஸ்மட்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: மக்கள் தாமாக முன்வந்து பதிவு செய்வது, அரசு சட்டத்தைத் திரும்பப் பெறுவது. பிப்ரவரி 10 அன்று பதிவு செய்யப் போன வழியில் காந்தி தாக்கப்பட்டபோது உடன் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். மக்கள் பதிவு செய்தார்கள், சட்டம் போகவில்லை. ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதி வளாகத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் ஒரு பெரிய கொப்பரையில் போட்டு எரிக்கப்பட்டன.

எரிப்பதன் விலை என்ன என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் கூடை வியாபாரிக்கு விற்பனை உரிமம் கிடையாது. உரிமம் இல்லாமல் தெருவில் வாழைப்பழம் விற்றால் கைது. பதிவில்லாதவர் என்றால் நாடுகடத்தல். தமிழ்க் கூடை வியாபாரிகள் இதைத் தெரிந்தே செய்தார்கள், மீண்டும் மீண்டும் சிறைக்குப் போனார்கள். இருபது வயதுகூடத் தாண்டாத நாகப்பன் சிறையிலிருந்து வெளிவந்த சில நாட்களில், 1909 ஜூலை 6 அன்று உயிர்விட்டார். 1910-இல் பலர் கப்பலேற்றிச் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து இந்தியாவைப் பார்த்தேயிராதவர்களும் இருந்தார்கள். ‘இந்தியன் ரெவ்யூ’ ஆசிரியர் ஜி.ஏ. நடேசன் சென்னையில் அவர்களுக்குத் தங்க இடமும் சோறும் ஏற்பாடு செய்து, திரும்பிப் போகவும் உதவினார். திரும்பிய நாராயணசாமி எந்தத் துறைமுகத்திலும் இறங்க அனுமதிக்கப்படாமல் கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்டு, 1910 அக்டோபர் 16 அன்று டெலகோவா விரிகுடாவில் இறந்தார். இன்றைய மபூட்டோ விரிகுடா அது. தான் வாழ்ந்த நாட்டில் மறுபடி கால்வைக்கச் சீட்டில்லாமல் செத்த மனிதர் அவர். தமிழ்நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் அடையாளம் தெரிந்துகொள்பவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். பல தார மணத்தை அனுமதிக்கும் சமய முறைப்படி நடந்த திருமணம் தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் கண்ணில் திருமணம் ஆகாது. ஆகவே அப்படி மணந்த மனைவி, மனைவி என்ற உரிமையில் நாட்டுக்குள் வர முடியாது. வழக்கு ஒரு முஸ்லிம் பெண்ணைப் பற்றியது என்றாலும் அடி எல்லாக் குடும்பத்துக்கும் விழுந்தது. டிரான்ஸ்வாலில் அதுவரை ஆண்களின் சீட்டாக இருந்த பிரச்சினை வீட்டுக்குள் வந்தது. தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் உட்படத் தமிழ்ப் பெண்கள் டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்டு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், மூன்று பவுன் வரியைப் பற்றித் தொழிலாளர்களிடம் அவர்கள் மொழியில் பேசினார்கள். சுரங்கங்கள் நின்றன. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 பிள்ளைகள் சார்ல்ஸ்டவுனிலிருந்து நடந்து, அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டினார்கள். மாகாண எல்லையைத் தாண்டுவதே குற்றம் என்பதால் அந்த நடையே போராட்டமாக அமைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கும் வேலைநிறுத்தம் பரவியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த மாத இறுதியில் சென்னைக்கு வந்திருந்த வைஸ்ராய் ஹார்டிஞ் பிரபு போராடியவர்கள் பக்கம் வெளிப்படையாகப் பேசியது இலண்டனையே திடுக்கிட வைத்தது. சிறையில் காய்ச்சல் கண்டு விடுதலையான தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று காலமானார்.

அவ்வாண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று காரியங்களைச் செய்தது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்திய முறைத் திருமணத்தில் ஒரு மனைவிக்கு அங்கீகாரம் கிடைத்தது. மூன்றாவதைப் பள்ளிப் பாடத்தில் யாரும் சொல்வதில்லை: டொமிசைல் சான்றிதழில் உள்ள கட்டைவிரல் ரேகை அதை நீட்டுபவரின் ரேகையோடு பொருந்தினால், நேட்டாலில் அவர் வாழ்ந்ததற்கு வேறு ஆதாரம் கேட்கக்கூடாது. சாதாரணக் குடும்பத்துக்கு நாள்தோறும் பயன்பட்டது இந்த மூன்றாவதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடமில்லாமல் போனது. இழிவு என்று எதிர்த்த ரேகையே, நிபந்தனை மாறியபோது உரிமையின் சான்றாகவும் ஆனது. காகிதம் யார் கையில் எந்த விதியோடு இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஆனாலும் ‘இங்கேயே இருக்கலாம்’ என்ற சொல் வரவில்லை. 1927-இல் கேப்டவுன் ஒப்பந்தப்படி, ஊர் திரும்பும் பெரியவர் ஒருவருக்கு இருபது பவுனும் பயணச் செலவும் தரும் திட்டம் வந்தது. பணம் வாங்கிக்கொண்டு போனவர் மூன்று ஆண்டுக்குள் திரும்பாவிட்டால் தென்னாப்பிரிக்க வசிப்புரிமை போய்விடும். சென்னையில் வந்து இறங்கிய பலர், தாத்தா சொன்ன ஊரைத் தேடிப் போய், நிலமோ உறவோ இல்லாமல் திண்டாடினார்கள். பவானி தயாள் சன்னியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931-இல் வெளியிட்ட அறிக்கை அந்த அவலத்தைப் பதிவு செய்தது. இந்தியர்கள் நாட்டின் நிரந்தர மக்கள் என்று தென்னாப்பிரிக்க அரசு ஒப்புக்கொண்டது 1961-இல்தான். ‘ட்ரூரோ’ போய்ச் சேர்ந்து அப்போது நூறு ஆண்டு ஆகியிருந்தது.

இப்போது விண்ணப்பம் எதிர்த்திசையில் வருகிறது. அந்தக் கப்பல்களில் போனவர்களின் வழித்தோன்றல்கள் இந்தியாவின் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஆயுள் முழுதும் செல்லும் விசா அது. வாக்குரிமையும் விவசாய நிலம் வாங்கும் உரிமையும் அதில் கிடையாது. மூதாதையர் இந்தியாவில் பிறந்தவர் என்பதற்கு அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் பெரும்பாலும் அந்தக் கப்பல் பட்டியலின் ஒரு வரி. அந்த வரியிலிருந்து தன்வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்றிதழ்களைக் கோத்துக் காட்ட வேண்டும். மூன்சாமி ஒரு சான்றிதழில் முனுசாமியாகவும் இன்னொன்றில் மூன்சாமியாகவும் இருந்தால் சங்கிலி அறுந்ததாகக் கொள்ளப்படலாம்.

அதைவிடப் பெரிய தடை தலைமுறைக் கணக்கு. பொது விதிப்படி கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தி வரை மட்டுமே தகுதி. 1889-இல் இருபது வயதில் கப்பலேறியவரின் கொள்ளுப்பேரன் பெரும்பாலும் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார். அவருடைய பிள்ளைகள் எல்லைக்கு வெளியே. சுரினாமின் இந்திய வம்சாவளியினருக்கு இந்த எல்லை ஆறாம் தலைமுறை வரை நீட்டப்படும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. 2024-இல் மொரீசியசுக்கு ஏழாம் தலைமுறை வரை, 2025-இல் டிரினிடாடுக்கு ஆறாம் தலைமுறை வரை. இதே ஒப்பந்த முறையில், இதே காலத்தில் போனவர்களின் நேட்டால் வாரிசுகளுக்கும் அந்தச் சலுகை வேண்டும். வேறுபாடு காட்ட நியாயமான காரணம் எதுவும் தெரியவில்லை.

ஊர் தேடுவதிலும் சிக்கல் உண்டு. பட்டியலில் ‘ஜில்லா: வடார்க்காடு, தாலுகா: திருத்தணி’ என்று இருந்தால், டர்பனில் உள்ளவர் வேலூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களின் வரைபடத்தில் தேடுவார். அங்கே திருத்தணி இல்லை. 1911-க்குப் பிந்திய ஆவணத்தில் அதே ஊர் சித்தூரில் இருக்கும். ஆந்திரத்தின் இன்றைய சித்தூர் மாவட்டத்தில் தேடினாலும் அகப்படாது. புத்தூரும் நகரியும் அந்தப் பக்கம் தங்கிவிட, பள்ளிப்பட்டும் ஆர்.கே.பேட்டையும் இந்தப் பக்கம் வந்துவிட்டன. தெலுங்கு ஒலியில் எழுதப்பட்ட கிராமப் பெயருக்கு இன்று தமிழ் வழக்கில் வேறு உச்சரிப்பு. ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்ற முழுப்பெயர் பேருந்துப் பலகையில் இரண்டு எழுத்தாகச் சுருங்கிவிட்டது.

இதற்கு வேண்டியது ஓர் ஒப்பீட்டுப் பட்டியல். நேட்டால் கப்பல் ஏடுகளில் வரும் கிராமப் பெயர், அன்றைய தாலுகா, 1911, 1960, 1997 மாற்றங்களுக்குப் பின் அது சேர்ந்த மாவட்டம், இன்றைய வருவாய் கிராமத்தின் பெயர். எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் பழைய நில ஏடுகளையும் வருவாய்த் துறையின் கிராமக் கணக்குகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தமிழும் தெலுங்கும் தெரிந்த இரண்டு ஆய்வாளர்கள் தொடங்கக்கூடிய வேலை இது. அயலகத் தமிழர் நலனுக்குத் தமிழ்நாடு அரசில் ஒரு துறையே இருக்கிறது. அது முதலில் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை ஆகிய மூன்று வட்டங்களை எடுத்துக்கொள்ளலாம். பெயரும் எல்லையும் அதிகம் மாறிய இடங்கள் அவை. தேடிவருபவர் அதிகம் வழிதவறுவதும் அங்கேதான்.